புதிய கல்லூரியில் சர்ஜரி சீட் – கடிதம்

வணக்கம் சார்,

எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு ஆசை எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி. என் ரேங்குக்குப் பக்கத்து மாவட்டத்துப் புது அரசுக் கல்லூரியில் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே சர்ஜரி மேற்படிப்பில் (பி.ஜி.) ஒரே ஒரு பேட்ச்தான் இதுவரை சேர்ந்திருக்கிறது. "புதுசுல யாரு சொல்லிக்கொடுப்பா? இன்னொரு வருஷம் படிச்சு பழைய காலேஜுக்குப் போ" என்கிறார் அப்பா. வெள்ளிக்கிழமைக்குள் கவுன்சலிங்கில் சாய்ஸ் லாக் செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

அன்புள்ள டாக்டர்,

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. பழைய கல்லூரியைப் பார்த்தும் அதையே கேட்கலாம். நான் படித்தது பெயர்பெற்ற பழைய ஆஸ்பத்திரி. முதல் வருடம் பெரும்பாலும், வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரைத்தான் பிடித்தேன். மேஜையைச் சுற்றி சீஃப், அசிஸ்டென்ட், மூன்றாம் வருடம், இரண்டாம் வருடம் என்று நிற்பார்கள். அந்தத் தோள்களுக்கு நடுவே என் கை மட்டும் உள்ளே போயிருக்கும். வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எக்கிப் பார்த்தால் திட்டு விழும்.

"புது" என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், ராமநாதபுரம், அரியலூர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கல்லூரிதான் புதுசு. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற பெயரில் ஊர் ஜனங்கள் அங்கே எத்தனையோ வருடமாக வந்துகொண்டிருந்தார்கள். ஹெர்னியாவும் அப்பெண்டிக்ஸும் சர்க்கரைக்காரர்களின் புண் காலும் ராத்திரி பைக் விபத்தும் கல்லூரிக்கு முன்பே இருந்தவை. கட்டடம் கட்டிவிட்டு நோயாளிக்குக் காத்திருக்கும் சில தனியார் கல்லூரிகளோடு இதைச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, பெரிய கல்லூரிகளில் தைராய்டு ஒரு துறைக்கும் குடல் இன்னொரு துறைக்கும் புற்றுநோய் வேறொரு துறைக்கும் பிரிந்து போய்விடும். ஜெனரல் சர்ஜரி பி.ஜி.க்கு மிஞ்சுவது குறைவு. துறைகள் பிரியாத இடத்தில் அவற்றில் பாதியாவது உங்கள் யூனிட்டுக்கு வரும். மீதி பாதியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், அதுவும் உண்மைதான்.

ஹார்வி குஷிங், நியூரோசர்ஜரியின் தந்தை என்கிறோமே, அவர் 1896-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சர்ஜரி தலைவர் ஹால்ஸ்டெடிடம் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆஸ்பத்திரிக்கு வயது ஏழு. அவர் விட்டுவந்தது 1821 முதல் நடந்துவந்த மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. ஹால்ஸ்டெட் போதைப் பழக்கத்தில் மாட்டியிருந்தவர், அடிக்கடி வரமாட்டார். அதனால் குஷிங்குக்குக் கை நிறைய கேஸ். (சீஃப் வராத யூனிட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. எல்லாரும் குஷிங் இல்லை.)

உங்களுக்கு அங்கே குறையப்போவது சீனியர். என் முதல் வருடத்தில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அல்சர் ஓட்டை விழுந்த ஒரு கேஸ். ஓட்டை மேல் ஒமென்டத்தை (குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலம்) வைத்து முடிச்சுப் போட்டேன். பதற்றத்தில் இறுக்கிவிட்டேன், மஞ்சளாக இருந்தது வெளுத்துப்போனது. எதிரே நின்ற மூன்றாம் வருட பி.ஜி. ஒன்றும் பேசாமல் முடிச்சை வெட்டினார். "அதுக்கு ரத்தம் போக வேண்டாமா தம்பி? மறுபடி போடு." எனக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்ததில் பாதி இப்படிப்பட்ட சீனியர்கள்தான். இரண்டாவது பேட்ச்சில் சேர்ந்தால் உங்களுக்கு மேலே இருப்பவர் உங்களைவிட ஒரே வருடம் மூத்தவர். அந்த இரண்டு மணிக்கு எதிரே நிற்க யாராவது ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர் வர வேண்டும். போனில் சொல்கிறவர் போதாது, வண்டி எடுத்து வருகிறவர் வேண்டும்.

போய்ப் பார்த்தால்தான் இது தெரியும். சேர்ந்திருக்கும் பி.ஜி.யிடம், செய்த ஆபரேஷன்களை அவரே எழுதிவைக்கும் லாக் புக்கைக் காட்டச் சொல்லாதீர்கள், அதில் கதை எழுதலாம். தியேட்டர் ரெஜிஸ்டரை எழுதுவது சிஸ்டர், அதை ஒரு தடவை புரட்ட முடியுமா என்று கேளுங்கள். ராத்திரி எமர்ஜென்சிகளில் சர்ஜன் என்ற இடத்தில் யார் பெயர், அசிஸ்ட் செய்தவர் யார் என்று பாருங்கள். பி.ஜி. பெயரும் ஆசிரியர் பெயரும் சேர்ந்து வந்தால் நல்லது. பி.ஜி. பெயர் மட்டுமே வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். பி.ஜி. பெயரே இல்லையென்றால் அப்பா சொல்வதைக் கேளுங்கள். இரவில் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, ரத்தம் கிடைக்கிறதா என்பதையும் அந்த சிஸ்டரிடமே கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாதது அங்கே எதுவும் இருக்காது.

கை வைத்துச் செய்ய விடுகிறார்கள், பக்கத்தில் ஆளும் இருக்கிறது என்றால் நான் அந்த சீட்டை எடுப்பேன். இன்னொரு வருடம் நுழைவுத் தேர்வுக்கு எம்.சி.க்யூ. போட்டால் ரேங்க் ஏறலாம், ஏறாமலும் போகலாம். அதற்குள் அங்கே சேர்ந்தவர் பத்து ஹெர்னியாவாவது போட்டிருப்பார்.

பக்கத்து மாவட்டம்தானே? புதன்கிழமை ராத்திரி டூட்டி மாறிய பிறகு போங்கள். பகலில் போனால் டீன் ஆபீஸ் புது கட்டடத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடும்.