இரண்டாம் உலகப் போர்க்காலப் படத்தில் இருக்கும் ஜெர்மன்காரர் அதிகாரியா, எஸ்.எஸ். ஆளா? சீருடையை வைத்துச் சொல்ல முடியுமா?

பழைய பொருள் விற்கும் கடையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது, அதில் சீருடையோடு நிற்பவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஸ்.எஸ். என்பது ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு இருந்த தனிப்படை, யூதப் படுகொலையை முன்னின்று நடத்தியது அதுதான். பெயரைச் சீருடை சொல்லாது. எந்தப் படை, என்ன பதவி, ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்றையும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் மாலை உள்ளங்கை அளவுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரம் பல் பல்லாக வெட்டிய அந்தக் காலத்துப் படம். அவருடைய அப்பா கறுப்புக் குட்டைச் சட்டையில் நிற்கிறார், காலரின் இரண்டு முனையிலும் மண்டையோடு. அதைப் பார்த்து "இது எஸ்.எஸ்." என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, அறுபது வருடமாக அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலது மார்பில் சிறகு விரித்த கழுகு இருந்தது. நீங்களும் முதலில் தேட வேண்டியது இந்தக் கழுகைத்தான். தரைப்படைக்காரருக்குக் கழுகு வலது மார்பில் இருக்கும். ஆயுத எஸ்.எஸ். என்ற, எஸ்.எஸ்.ஸின் போர்முனைப் பிரிவினருக்கு இடது மேல்கையில் இருக்கும். விமானப்படைக்கும் வலது மார்புதான், ஆனால் அந்தக் கழுகு பறந்துகொண்டிருக்கும். தரைப்படையின் டாங்கிப் பிரிவுக்கு கறுப்புச் சீருடையும் மண்டையோடும் உண்டு. பிரஷ்யாவின் பழைய குதிரைப்படையிலிருந்து வந்த சின்னம் அது. பாட்டியின் அப்பா டாங்கிப் படைக்காரர்.

"அப்படியானால் அவர் தப்பு எதுவும் செய்யவில்லையா?" என்று பாட்டி கேட்டார். அதைத் துணி சொல்லாது என்றேன். எந்தப் பிரிவில், எந்த ஊரில், எந்த மாதம் இருந்தார் என்று தெரிந்தால்தான் பேச முடியும். அதற்கான ஆவணங்கள் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் விண்ணப்பிக்கலாம்.

சரி, அதிகாரியா என்பதற்கு வருவோம். தோளில் நட்சத்திரம் இருந்தால் அதிகாரி என்று பலரும் நினைக்கிறார்கள். ஓபர்ஃபெல்ட்வேபல் என்ற சார்ஜென்ட் தரத்து ஆளுக்கு இரண்டு நட்சத்திரம் உண்டு, ஒரு நட்சத்திரமும் இல்லாத லெப்டினன்ட்தான் அதிகாரி. அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் அது பதிந்திருக்கும் பட்டையைப் பாருங்கள். துணிப் பட்டையின் ஓரத்தில் மட்டும் சரிகை ஓடினால் சார்ஜென்ட் தரம். பட்டை முழுவதும் வெள்ளிக் கயிறாக இருந்தால் அதிகாரி. கயிறு நேராக இருந்தால் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை, பின்னல் போட்டிருந்தால் மேஜர் முதல் கர்னல் வரை. பின்னலில் பொன்னும் வெள்ளியும் கலந்து, காலரில் பூ வேலைப்பாடும் இருந்தால் அவர் ஜெனரல். தோள் தெளிவாக இல்லையென்றால் தொப்பி கைகொடுக்கும். விளிம்பு வைத்த தொப்பியில் அதிகாரிக்கு வெள்ளிக் கயிறு, மற்றவர்களுக்குக் கறுப்புத் தோல் வார்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, டாங்கிக்கு ரோஸ் என்று ஓர நிறம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து ஃபிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும். இப்போது இணையத்தில் வண்ணம் பூசிப் போடும் படங்களை வைத்துப் பிரிவைச் சொல்வது வீண் வேலை.

ஆண்டைப் பதக்கங்கள் சொல்லும். கிழக்குமுனைப் பதக்கம் 1942 மே மாதமும், கைகலப்புச் சண்டைக்கான உலோகப் பட்டை அதே ஆண்டு நவம்பரிலும் வந்தவை. அவை மார்பில் இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. அப்புறம், கழுகு இடது மார்பிலும் இரும்புச் சிலுவை வலது மார்பிலும் தெரிந்தால் குழம்ப வேண்டாம், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். கையில் பாயும் புலியும் மூவர்ணமும் 'ஃப்ரையஸ் இண்டியன்' என்ற ஜெர்மன் எழுத்தும் கொண்ட கேடயச் சின்னம் இருந்தால் அவர் நம்மூர்க்காரராகவே இருக்கலாம். சுபாஷ் சந்திரபோஸ் ஜெர்மனியில் அமைத்த இந்தியப் படையணியின் சின்னம் அது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைக் காட்டும் கண்காட்சி ஒன்று 1995-இல் ஹாம்பர்க்கில் தொடங்கி ஊர் ஊராகப் போனது. சில படங்களில் இருப்பவர்கள் சோவியத் ரகசியப் போலீசாரால் கொல்லப்பட்டவர்கள், சிலவற்றில் நிற்பவர்கள் ஹங்கேரி, பின்லாந்துச் சிப்பாய்கள் என்று பொக்டான் முசியல், கிறிஸ்தியான் உங்வாரி என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் 1999-இல் எழுதினார்கள். கண்காட்சியை நிறுத்தினார்கள். மறு ஆண்டு வந்த நிபுணர் குழு அறிக்கையின்படி, 1,400-க்கும் மேற்பட்ட படங்களில் அங்கே இருக்கக்கூடாதவை இருபதுக்கும் குறைவு. ராணுவம் யூதப் படுகொலையில் பங்கெடுத்தது என்ற அடிப்படையும் சரிதான் என்றார்கள். ஆனாலும் அந்தச் சில படங்களைக் காட்டி மொத்தமும் பொய் என்று பேச ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். சுடப்பட்டவர்களுக்கு அதைவிட அநியாயம் வேறென்ன செய்ய முடியும்? ஒரு படத்துக்குக் கீழே "எஸ்.எஸ். அதிகாரி" என்று எழுதும் முன் எனக்குக் கை தயங்குவது அதனால்தான்.

உங்கள் படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுத்துவிடாதீர்கள். பக்கத்துப் படங்களும் சாட்சிதான். தனிப் படமாக இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய ஊர்ப் பெயரோ இருக்கக்கூடும். காலர், தோள், வலது மார்பு மூன்றையும் பெரிதாக்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.