தட்டைப் பாதம், ஆணிக்கால், சாக்ஸுக்குள் ஒரு முடி: குழந்தைகளின் கால் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதியில் குழந்தையின் வயது இல்லை. ஒன்றரை வயதில் இயல்பாக இருக்கும் கால், எட்டு வயதில் அப்படியே இருந்தால் நோயாகலாம். வயதை எழுதாமல் போட்டோ மட்டும் அனுப்பியவர்கள் மன்னிக்கவும், பதில் இல்லை.

ஒன்றே கால் வயது மகனுக்குக் கால் இரண்டும் வில்லாக வளைந்திருக்கிறது. டயப்பர்தான் காரணம் என்கிறார்கள்.

டயப்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வயது வரை வில் போல இருக்கும். மூன்று நான்கு வயதில் எதிர்த்திசைக்குப் போய் முட்டிகள் இடிக்கும், ஏழு வயதுவாக்கில் நேராகிவிடும். ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகு வளைவு கூடினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் டி குறைபாடு இருக்கலாம்.

மகளுக்கு 5 வயது. பள்ளியில் நடந்த பாதப் பரிசோதனை முகாமில் 'ஃபிளாட் ஃபுட்' என்று சொல்லி, ஆறாயிரம் ரூபாய்க்கு ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் வாங்கச் சொன்னார்கள். வாங்காவிட்டால் பின்னால் முதுகுவலி வருமாம். வாங்கலாமா?

அவள் கால் வலிக்கிறது என்கிறாளா? ஓடுகிறாளா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வலி இல்லை என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன்: வாங்காதீர்கள்.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டைதான். உள்வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மெத்தை இருக்கும், மூட்டுகளும் தளர்வாக இருக்கும். வளைவு மெல்ல மெல்லத் தெரிய ஆறேழு வயதாகும், சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். ஐந்து வயதுக் குழந்தைகளை வரிசையாக மெஷினில் ஏற்றினால் தட்டைப் பாதம் வராமல் வேறென்ன வரும்? வீட்டிலேயே பார்க்கலாம். மகளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். குதிகால் சற்று உள்பக்கம் திரும்பி, பாதத்தில் குழிவு எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வைத்தியம் தேவையில்லை.

இன்சோல் போட்டால் வளைவு உருவாகுமா? 1989-இல் அமெரிக்காவில் நூறு குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். விசேஷ ஷூவும் இன்சோலும் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. எல்லாருக்கும் வளைவு தானாகக் கூடியிருந்தது. நம் தென்னிந்தியாவிலேயே 1992-இல் 2,300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்த ஆய்வு இன்னும் சுவாரசியம். செருப்பில்லாமல் நடந்த பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் தட்டைப் பாதம். காலணி போட்டவர்களில் எட்டு ஒன்பது பேர். அதிலும் மூடிய ஷூ போட்டவர்களுக்கே அதிகம், செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. ஆக, வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள். ஆறாயிரம் ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

வலி, விறைத்த பாதம், ஒரு காலில் மட்டும் தட்டை: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மட்டும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முகாமை அல்ல.

3 மாதக் குழந்தைக்கு எந்நேரமும் சாக்ஸ் போடலாமா?

நம்மூர் வெயிலுக்கு எதற்கு? போட்டே ஆக வேண்டுமென்றால் பருத்தி சாக்ஸ், ஒவ்வொரு முறையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்துவிட்டு. பிரசவமான சில மாதங்களில் அம்மாவுக்கு முடி கொட்டும். அதில் ஓர் இழை சாக்ஸுக்குள் போய்க் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழும். பால் கொடுத்தாயிற்று, கிரைப் வாட்டரும் கொடுத்தாயிற்று, சாக்ஸை மட்டும் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். கழற்றினால் ஒரே ஒரு விரல் சிவந்து வீங்கி, நடுவில் கோடு போட்டதுபோல் இருக்கும். முடி தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலை வரை காத்திருந்தால் விரலுக்கே ஆபத்து. கொலுசும் கறுப்புக் கயிறும் அப்படித்தான்: உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழையாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

பிறந்த குழந்தைக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கியிருக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகும் என்கிறார் மாமியார்.

விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சுலபமாக நேராக வந்தால், கர்ப்பப்பையில் மடங்கிக் கிடந்ததன் விளைவு, தானே சரியாகும். வராவிட்டால் பிறவி வளைபாதம், அது எண்ணெய்க்கு மசியாது. பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு கட்டு. பெரும்பாலும் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டும் வேண்டியிருக்கும். பிறகு பட்டையால் இணைத்த ஷூ: மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போது. கட்டு முடிந்ததும் கால் அழகாக நேராகிவிடும், அதைப் பார்த்துப் பலர் ஷூவை நிறுத்திவிடுகிறார்கள். கால் திரும்பவும் மடங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடப்பானா?

மாட்டான். தாமதமாகலாம், படிக்கட்டில் உருளவும் கூடும். கனடாவில் 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள். பிள்ளை தானாக எழுந்து நின்ற பிறகு, மர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

வளர்கிற பிள்ளை என்பதால் ஷூ இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, நுனியில் பஞ்சு வைக்கிறோம்.

வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் போதும். சாயங்காலம், இரண்டு காலிலும் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷூ நுனியை அமுக்கி, இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

9 வயதுப் பையனுக்கு ஆணிக்கால். பிளேடால் சீவிவிட்டேன், மறுபடி வந்துவிட்டது.

இன்னும் பிளேடா? குழந்தைகளுக்கு ஆணி அபூர்வம், பெரும்பாலும் அது வைரஸால் வரும் மரு. இரண்டு பக்கமிருந்து கிள்ளினால் வலிக்கும், கறுப்புப் புள்ளிகளும் தெரியும். சீவினால் பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள், பிளேடைத் தூக்கி எறியுங்கள்.

ஷூவைக் கழற்றினால் வீடே நாறுகிறது.

நைலான் சாக்ஸை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். மழையில் நனைந்த ஷூவை மறுநாளே மாட்டி அனுப்பாதீர்கள், சேற்றுப்புண் வருவது அதனால்தான்.

11 வயது மகன் ஃபுட்பால் கோச்சிங் போகிறான். குதிகால் வலி. எக்ஸ்ரே நார்மல்.

குதிகால் எலும்பின் வளரும் பகுதியில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். இந்த வயதில் சகஜம். பயிற்சியைச் சில வாரம் குறையுங்கள், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி செய்யட்டும், ஐஸ் வைக்கலாம். 'வலியோடு ஆடிப் பழகணும்' என்று கோச் சொன்னால் கோச்சை மாற்றுங்கள்.

மகள் கால் வலிக்கிறது என்கிறாள். என்ன மாத்திரை கொடுக்கலாம்?

எந்தக் கால்? எப்போது? என்ன வயது? எதுவும் எழுதவில்லை. இரவில் இரண்டு காலும் வலித்து, தேய்த்துவிட்டால் தூங்கி, காலையில் துள்ளி ஓடினால் மாத்திரை வேண்டாம். ஒரே கால் என்றாலோ, நொண்டினாலோ, காய்ச்சல் இருந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் இன்றைக்கே நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.