ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் புறப்படும் முன்: கேள்வி பதில்

1386இல் தொடங்கப்பட்ட, ஜெர்மனியின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தைக் கொண்ட ஹைடல்பெர்க் நகருக்கு ஆய்வு மாநாடுகளின் பொருட்டு நான்கு முறை சென்று வந்திருக்கிறேன். முதல் பயணத்தில் நான் செய்த பிழைகளை மற்றவர்களும் செய்ய வேண்டியதில்லை என்பதால் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவி, திருச்சி): ஐயா, என் மாநாடு செப்டம்பரில் நான்கு நாள் நடக்கிறது. அது முடிந்ததும் பாரிஸில் ஐந்து நாள் தங்கலாம் என்று தோழியும் நானும் எண்ணுகிறோம். விசாவுக்கு எப்போது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: யாரிடம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்தின் முதன்மையான நாடு எதுவோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதன்மை என்பது தங்கும் நாள்களையோ பயண நோக்கத்தையோ வைத்து முடிவாகும். நோக்கம் மாநாடாக இருந்தும் பாரிஸில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதாகத் திட்டம் காட்டினால், பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போகச் சொல்லிவிடவும் கூடும். பாரிஸை மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டால் ஐயத்துக்கே இடமில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் கோடையில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே அரிது என்பதால், ஏற்புக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் உங்கள் பயணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது ஒரு வரியாவது இருக்கட்டும். அது இல்லாத கடிதத்தால் அலைந்தவர்களை நான் அறிவேன். கல்லூரியின் தடையின்மைச் சான்றும் கூடவே வேண்டும். விசா கிடைத்தவுடன் அதில் அச்சிட்டுள்ள தங்கும் நாள்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அக்கணக்கில் சேரும்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், மதுரை): விமான நிலையத்திலிருந்து ஹைடல்பெர்க் செல்ல எளிய வழி எது? பழைய நகரத்தில் அறை எடுத்தால் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கும் என்கிறார்களே?

பதில்: ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன. நீங்கள் செல்ல வேண்டியது தொலைதூர ரயில்களுக்கான நிலையம். அங்கிருந்து மன்ஹைம் வரை ஏறக்குறைய அரை மணி நேரம், அங்கே வண்டி மாறினால் ஹைடல்பெர்க் கால் மணி நேரம். மலிவுச் சீட்டு குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். முதல் முறை என் விமானம் தாமதமாகித் தரையிறங்கியதால், மலிவாக வாங்கிய சீட்டு வீணாகி, முழு விலையில் வேறொன்று வாங்கினேன். ஆகவே போகும்போது எந்த ரயிலிலும் ஏறக்கூடிய சீட்டும், திரும்பும்போது மலிவுச் சீட்டும் வாங்குவது என் வழக்கமாகிவிட்டது.

அறையைப் பொறுத்தவரை, உங்களுக்குச் சொன்னது பாதி உண்மை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் ஒரே வளாகமன்று. கலைப்புலத் துறைகளும் இறையியலும் பழைய நகரத்தின் சந்துகளில் இருக்கின்றன. சமூக அறிவியலும் ஆசியவியலும் பெர்க்ஹைம் பகுதியில். இயற்கை அறிவியலும் மருத்துவமும் நெக்கார் ஆற்றின் வடகரையில், நாய்ன்ஹைமர் ஃபெல்ட் என்னும் பெரிய வளாகத்தில். வேதியியல் மாநாட்டுக்கு வந்து பழைய நகரத்தில், அரண்மனையின் அடியில் அறை எடுத்தவர், ஒவ்வொரு நாள் காலையிலும் பேருந்தில் ஆற்றைக் கடந்து செல்ல வேண்டியிருக்கும். அரங்கின் முகவரியைப் பார்த்த பிறகே அறையைத் தேடுங்கள். முதன்மை ரயில் நிலையமும் பழைய நகரத்தை ஒட்டியதன்று, இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு மேற்கே இருக்கிறது. டிராம் ஏறி பிஸ்மார்க் சதுக்கத்தில் இறங்கினால் அங்கிருந்துதான் பழைய நகரத்தின் நீண்ட கடைத்தெரு தொடங்குகிறது. இன்னொன்று: நாய்ன்ஹைமர் ஃபெல்ட் வளாகத்தின் கட்டடங்கள் அனைத்துக்கும் ஒரே தெருப்பெயர், எண்கள் மட்டுமே வேறு. 'இம் நாய்ன்ஹைமர் ஃபெல்ட்' என்று மட்டும் சொல்லி வாடகைக் காரில் ஏறியவர் எங்கே இறக்கிவிடப்படுவார் என்பது ஓட்டுநருக்கே தெரியாது.

ஜூன், ஜூலை, செப்டம்பர் மாதங்களில் மாதத்துக்கு ஓர் இரவு, பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் நகரை அழித்ததை நினைவுகூர்ந்து அரண்மனைக்கு ஒளியேற்றி வாணவேடிக்கை நடத்துவது அங்கே வழக்கம். அந்த வார இறுதியில் உங்கள் மாநாடு அமைந்தால் அறை கிடைப்பது கடினம்.

கேள்வி (பலர்): மின் இணைப்பு, பணம், தண்ணீர், கடைகள்?

பதில்: மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் கருவிகளுக்குக் கேடில்லை, நம் மூன்று முள் செருகி அங்கே பொருந்தாது, மாற்றி ஒன்று கொண்டுபோங்கள். அட்டை பெரும்பாலும் செல்லும், ஆயினும் சிறிய ரொட்டிக் கடைகளுக்காக 50 யூரோவாவது பணமாக வைத்திருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பெரும்பாலான நெகிழிப் புட்டிகளுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடையில் உள்ள இயந்திரத்தில் புட்டியைப் போட்டால் திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக் கடைகளைத் தவிர.

கேள்வி (ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்): நான் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, தம்பி. மாணவர் உணவகங்களில், குறிப்பாகப் பழைய நகரத்தின் மார்ஷ்டால் உணவகத்தில், சைவ உணவு நாள்தோறும் உண்டு. வெளியில்தான் கவனம் வேண்டும். மவுல்டாஷன் என்னும் மாவுப் பொதிக்குள் வழக்கமாக இறைச்சி இருக்கும்; ஃபிளாம்கூஹன் என்னும் மெல்லிய தட்டை ரொட்டியின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருக்கும். 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் மீன் வரலாம், ஆகவே 'வெகெட்டாரிஷ்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்னும் மாவு உணவு நம் நாக்குக்குச் சற்று உப்பாகத் தோன்றினாலும் வயிறு நிறையும்.

கேள்வி (ஆய்வு மாணவி, சென்னை): முதல் முறையாக வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கிறேன். அவர்களின் நடைமுறைகளை அறியாமல் தவறிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் பேசி முடித்ததும் கைதட்டலுக்குப் பதிலாக மேசையை விரல் முட்டியால் தட்டும் ஓசை எழுந்தால் திகைக்க வேண்டாம், ஜெர்மானியக் கல்விக்கூடங்களில் அதுவே பாராட்டு. நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. பல்கலைக்கழக அறிவிப்பில் 10 மணி என்பதன் அருகே 'சி.டி.' என்று இருந்தால், கும் டெம்போரே என்னும் இலத்தீன் வழக்கின்படி உரை 10.15க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியாகப் பத்து மணிக்கு. மாநாட்டு அமர்வுகளுக்கு இந்தக் கால் மணிச் சலுகை பெரும்பாலும் இல்லை. இருபது நிமிடம் என்றால் இருபதாவது நிமிடத்தில் தலைவர் எழுந்து நிற்பார், அதனால் நெறியாளரின் முன் கடிகாரத்தை வைத்து இரண்டு முறை வாசித்துப் பாருங்கள்.

கேள்வி நேரத்தில் "உங்கள் இரண்டாவது முடிவு தரவிலிருந்து வரவில்லையே" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். நம் ஊரில் அதைப் பகையாக எடுத்துக்கொள்வோம்; அங்கே அவரே இடைவேளையில் காபிக் கோப்பையுடன் உங்களைத் தேடி வருவார். என் கட்டுரைகளில் ஒன்றைப் பிழைக்க வைத்தது அப்படி வந்த ஒருவர் தந்த தாள்தான். எனவே இடைவேளையில் நம் நாட்டவருடன் மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள். சுவரொட்டியாக முன்வைப்பவர்கள், அளவு ஏ0, அதாவது 84.1க்கு 118.9 சென்டிமீட்டர்தானா, நெடுக்கு வாட்டமா என்பதை ஏற்பாட்டாளரிடம் கேட்டு, துணியில் அச்சிட்டு மடித்துக் கொண்டுபோனால் விமானத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்): அரை நாள்தான் ஓய்வு. எதைப் பார்க்கலாம்?

பதில்: எல்லாரும் அரண்மனையைச் சொல்வார்கள். இழுவை ரயிலில் ஏறிப் போய், 1751இல் செய்த, இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் மதுப் பீப்பாயைப் பார்த்து வரலாம். ஆனால் நீங்கள் இயற்பியல் ஆசிரியர். கடைத்தெருவில் 'ஹவுஸ் சும் ரீசன்' என்னும் கட்டடத்தைத் தேடுங்கள். ஒளியை நிறங்களாகப் பிரித்து, அதை உமிழும் பொருள் எது என்று அறியும் நிறமாலைப் பகுப்பாய்வை 1859இல் கிர்ஹோஃபும் புன்சனும் உருவாக்கியது அங்கேதான். அந்த முறையால்தான் சீசியம், ரூபிடியம் என்னும் தனிமங்கள் கண்டறியப்பட்டன. மன்ஹைமில் எரிந்த தீயை ஹைடல்பெர்க் சன்னலிலிருந்து பகுத்துப் பார்த்தவர்கள், அப்படியானால் சூரியனையும் பகுக்கலாமே என்று எண்ணினார்கள் என ஒரு கதை சொல்வார்கள். பழைய பல்கலைக்கழகத்தின் பின்புறம் 1778 முதல் 1914 வரை இயங்கிய மாணவர் சிறை இருக்கிறது. இரவில் கூச்சலிட்ட மாணவர்களை அடைத்த அறைகளின் சுவரெங்கும் அவர்கள் வரைந்த படங்களும் கிறுக்கல்களும் நிறைந்துள்ளன; எனக்கு அரண்மனையைவிட அதுவே பிடித்தது.

கேள்வி (தமிழ் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்): தமிழ் ஆய்வாளருக்கு அங்கே வேறு பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1962இல் நிறுவப்பட்ட தெற்காசிய நிறுவனம் இப்போது பெர்க்ஹைமின் ஃபோஸ் தெருவில் உள்ள ஆசியவியல் மையத்தில் இயங்குகிறது. அங்கே தமிழ் கற்பிக்கப்படுகிறது; நூலகத்தில் தெற்காசியவியல் நூல்கள் பெருமளவில் உள்ளன. என்ன தேவை என்பதை எழுதி, இரண்டு வாரம் முன்பே அனுமதி கேளுங்கள். இன்னும் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ரயிலேறி ஹாலே நகருக்குச் செல்லலாம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு முதலியோர் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்குள்ள ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில் இருக்கின்றன.

கேள்வி (இணைப் பேராசிரியர், சேலம்): திரும்பி வந்தபின் செலவுக் கணக்கு ஒப்படைக்க என்னென்ன தேவை?

பதில்: விமானத்தில் ஏறும் அட்டைகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள், கைபேசியில் வந்ததை நம் அலுவலகங்கள் பல ஏற்பதில்லை, ஆகவே நிலையத்திலேயே அச்சிட்டு வாங்குங்கள். பதிவுக் கட்டண ரசீதில் உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சரியாக உள்ளனவா என்று முதல் நாளே பாருங்கள். அவர்களின் ரசீதுகளில் பெரும்பாலும் முத்திரை இருக்காது, நம் கணக்குப் பிரிவோ முத்திரை கேட்கும். முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிட்டால் ஏற்பாட்டாளர்கள் செய்து தருவார்கள். பங்கேற்புச் சான்றிதழைக் கடைசி நாள் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். நிறைவு அமர்வு முடிந்த அரை மணி நேரத்தில் பதிவு மேசையைக் கலைத்துவிடுகிறார்கள்.