ஒடிந்த ஸ்டட்டும் பத்து மில்லிமீட்டர் ஸ்பேசரும்

கேள்வி: என்னிடம் 2005 மாடல் மாருதி 800 இருக்கிறது. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது, பின் சக்கரத்தின் ஒரு ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் நட்டு ஏறுகிற மரைக் கம்பி) நட்டோடு ஒடிந்து வந்துவிட்டது. "மூணு இருக்கு சார், போதும்" என்று மாட்டி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பட்டறைக்காரர் ஒரு போல்ட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார். புது ஸ்டட் வேண்டுமென்றால் பிரேக் டிரம்மையே மாற்ற வேண்டுமாம். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நான்கு ஸ்டட் உள்ள வண்டியில் ஒன்று போனால், அதன் சுமை பக்கத்தில் உள்ளவற்றின் மேல் ஏறுகிறது. அவையும் அதே வயது, அதே துரு. மூன்று நட்டோடு பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். தஞ்சாவூர் வரை போய்வர நினைக்காதீர்கள். ஸ்டெப்னி மாட்டினாலும் பயனில்லை, ஒடிந்தது சக்கரத்தில் இல்லை.

வெல்டிங் கூடவே கூடாது. வீல் ஸ்டட் என்பது சூடுபடுத்திப் பதமாக்கிய உயர்வலுக் கம்பி. அதன் மேல் வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் கெட்டுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே எங்கே விரியும் என்று சொல்ல முடியாது. டிராக்டர் கலப்பைக்கு வாங்கிய போல்ட் வீட்டில் கிடக்கிறது என்று அதைப் போடுவதும் இதே ரகம்தான்.

டிரம்மை மாற்ற வேண்டியதும் இல்லை. டிரம்மைக் கழற்றி, ஒடிந்த துண்டைப் பின்பக்கமாகத் தட்டி எடுத்துவிட்டுப் புது ஸ்டட்டை உள்ளிருந்து ஏற்ற வேண்டும். அதன் கழுத்தில் உள்ள வரிப்பற்கள் துளைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிரஸ் இருக்கும் லேத் பட்டறையில் அழுத்தி ஏற்றினால் நேராக உட்காரும். துளை தேய்ந்து, புது ஸ்டட் கையாலேயே சுற்றுகிறது என்றால் அப்போதுதான் டிரம் மாற்றும் பேச்சு. முன் சக்கரம் என்றால் வேலை கொஞ்சம் கூடும். பின்னால் இடம் இல்லாவிட்டால் ஹப்பை, அதாவது சக்கரம் அமரும் நடுப்பகுதியை, எடுக்க வேண்டிவரும், பேரிங்கிலும் கை வைக்க நேரும். அதனால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் செலவு கூலிதான், ஸ்டட்டின் விலை அற்பம்.

விலை அற்பம் என்பதால்தான் ஒன்றை மட்டும் வாங்காமல், அந்தச் சக்கரத்துக்கு நான்கையும் நட்டோடு சேர்த்து மாற்றச் சொல்கிறேன். உதிரிபாகக் கடையில் வண்டியின் பெயரும் ஆண்டும் சொல்லுங்கள், பழைய ஸ்டட் துண்டையும் கையில் கொண்டு போங்கள். 800-க்கு 12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 மரை (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 மில்லிமீட்டர்). 1.5 மரை நட்டு முதல் ஓரிரு சுற்று ஏறுவதுபோல் பாசாங்கு காட்டும். அப்புறம் இறுக்கினால் இரண்டு மரையும் நாசம். புது நட்டு கையாலேயே கடைசி வரை ஓட வேண்டும்.

ஏன் ஒடிந்தது? பெரும்பாலும் ஏர் கன், காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் கருவி. கடைப் பையன் விசையைப் பிடித்துக்கொண்டே இருப்பான். ஸ்டட் இழுபட்டு மெலியும், அடுத்த முறை கழற்றும்போது ஒடியும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்க உப்புக்காற்றும், அறுவடை நாளில் ரோடெல்லாம் அப்பிக் கிடக்கும் வயல் சேறும் துருவைக் கூட்டிவிடுகின்றன. அதற்காக மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம். வழுக்கும் மரையில் அதே அழுத்தம் ஸ்டட்டை இன்னும் அதிகமாக இழுக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, கடைசியில் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைக்கச் சொல்லுங்கள். 50–100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: என் பழைய 800-க்கு 13 அங்குல அலாய் வீலும் 165/65 டயரும் வாங்கினேன். முன்பக்கம் உள்ளே உரசுகிறது. கடைக்காரர் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் தட்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இணையத்தில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தத் தட்டை வாங்காதீர்கள். கணக்கு எளிது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மில்லிமீட்டராவது மரையில் பிடித்திருக்க வேண்டும். 1.25 மரைக்கு அது ஏறத்தாழ பத்துச் சுற்று. இப்போது சக்கரத்தை மாட்டி, நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று கையால் எண்ணிப் பாருங்கள். பத்து மில்லி தட்டு அதிலிருந்து எட்டுச் சுற்றைத் தின்றுவிடும். மிச்சத்தை நம்பியா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அணைக்கரைப் பாலம் தாண்டுவீர்கள்?

நீள ஸ்டட் போட்டால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் இன்னொன்று நிற்கும். சக்கரம் நடு மையத்தில் உட்கார ஹப்பின் நடுவில் ஒரு விளிம்பு இருக்கிறது. மலிவுத் தட்டு அதை மூடிவிடும். துளை பெரிதாக இருக்கும் 'எல்லா வண்டிக்கும்' ரகத்தில் தட்டே மையம் தவறும், வேகத்தில் ஸ்டியரிங் ஆடும். போட்டே ஆக வேண்டுமென்றால், ஹப் விளிம்புக்குச் சரியாக அமர்ந்து, சக்கரத்துக்கும் அதே அளவு விளிம்பு தருகிற, உங்கள் வண்டிக்கென்று கடைந்த ஸ்பேசர்தான். தனி ஸ்டட்டோடு வரும் தடித்த வகையில் உள் நட்டு, வெளி நட்டு இரண்டையும் கவனிக்க வேண்டும். உள் நட்டு கண்ணில் படாது, அதனால் யாரும் இறுக்குவதில்லை.

எப்படிப் போட்டாலும் சக்கரம் வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் இரண்டு மூட்டை நெல் என்று வண்டி தாழ்ந்தால் டயர் வெளிப்பக்கம் உரசத் தொடங்கும்.

உங்கள் உண்மையான சிக்கல் ரிம்தான். ரிம்மில் 'ஈ.டி.' என்று ஓர் எண் பொறித்திருக்கும்; அது கூடக்கூடச் சக்கரம் உள்ளே போகும். அந்த எண் குறைவான ரிம்மை, நான்கு துளை 114.3 அளவில் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்), மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய கடையில் 800-க்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றிருந்தால் பில்லைக் காட்டி உறுதியாகக் கேட்கலாம். டயரின் உயரமும் கம்பெனி 145/70 ஆர்12-ஐவிடச் சுமார் 37 மில்லி கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது 64-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

வாங்கியபின் பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடுகிற பிரிவும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான்.

கேள்வி: பஞ்சர் கடைக்காரர் என் வண்டி ஸ்டட்டை ஒடித்துவிட்டார். நஷ்டஈடு கேட்க முடியுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: கேட்கலாம். ஆனால் பில் இருக்கிறதா? 'ஏற்கெனவே துரு' என்று அவர் சொன்னால், ஒடிந்த துண்டு உங்களிடம் இருக்க வேண்டும். முறிந்த முகம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால் உங்கள் பக்கம் வலு, ஒரு பகுதி துருவேறி இருந்தால் அவர் பக்கம். ஸ்டட் விலைக்கும் கூலிக்கும் பேசி முடிப்பதே நல்லது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே, தாக்கல் செய்யலாம்.