மூன்று வயதுக்குள் மூளை இணைப்புகள் எல்லாம் அமைந்துவிடுமா? அதற்குள் குழந்தைக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டும்?

அமைந்துவிடாது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே பதற்றத்தில் நிறைய படித்தேன். படிக்கப் படிக்கப் பதற்றம் குறைந்தது.

நியூரான்கள் என்னும் மூளை நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அப்புறம் மளமளவென்று பெருகுவது அவற்றுக்கு இடையிலான சினாப்ஸ் என்னும் இணைப்புகள்தான். பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் வைத்து இவற்றை எண்ணிப் பார்த்தார். மூளையின் முன்பகுதியில் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்கு இருக்கும் இணைப்புகளின் அடர்த்தி, பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று 1979இல் எழுதினார். அதன்பிறகு பதினாறு வயது வரை அது குறைந்துகொண்டே வருவதையும் கண்டார். அடிக்கடி பயன்படும் இணைப்பு வலுப்பெறும், பயன்படாதது நீங்கிவிடும். இப்படி நீங்குவதும் வளர்ச்சிதான். ஆகவே 'இணைப்பை அதிகரிக்கும்' என்று விற்கப்படும் பொம்மைகளையும் வீடியோக்களையும் நான் நம்புவதில்லை.

எது பயன்படுகிறது என்பதுதான் முக்கியம். குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை என் மனதில் அப்படியே நிற்கிறது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் சீன மொழியில் பேசி விளையாடினார். சீன ஒலிகளைப் பிரித்தறியக் குழந்தைகள் கற்றுக்கொண்டன. அதே பேச்சை டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை! குழந்தை 'ங்கா' என்றதும் நீங்கள் திரும்பிப் பார்த்து, அதேபோல் ஒலி எழுப்பி, அது மறுபடி 'ங்கா' என்று சொல்லும் வரை காத்திருக்கிறீர்களே, அது போதும். தனியாக வகுப்பு வேண்டாம்.

திட்டமிடுவது, ஆசையை அடக்குவது போன்றவற்றுக்கான மூளையின் முன்பகுதி இருபது வயதுக்கு மேலும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று வயதோடு கதவு மூடுவதில்லை.

பார்வை, செவி போன்றவை விதிவிலக்கு. அங்கே காலம் நிஜமாகவே முக்கியம். பிறவிக் கண்புரை அடர்த்தியாக இருந்தால் முதல் சில வாரங்களிலேயே அகற்றிவிடச் சொல்வார்கள். தெளிவான காட்சி கிடைக்காவிட்டால் மூளையின் பார்வைப் பகுதி சரியாக அமையாது. குழந்தை முகத்தைப் பார்ப்பதில்லை, சத்தத்துக்குத் திரும்புவதில்லை என்று தோன்றினால் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.