ரஷ் குழுவின் ‘2112’ ஆல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: கனடா வந்து ஆறு மாதம் ஆகிறது. கூட வேலை செய்பவர்கள் கனடாவின் ரொக் குழுவான ரஷ்ஷின் 2112 ஆல்பம் என்றால் உயிரை விடுகிறார்கள். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை கேட்டுப் பார்த்தீர்கள். முதல் பாட்டே இருபது நிமிடம், பாடுபவர் தொண்டை கிழியக் கத்துகிறார், ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. இதில் என்ன இருக்கிறது, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

‘கத்துகிறார்’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் என் மாமாவும் இந்த ஆல்பத்தைப் பற்றி இதே சொல்லைத்தான் சொன்னார்.

முதலில் அந்தக் கத்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை தெரியாவிட்டால் அது வெறும் கத்தலாகத்தான் கேட்கும். அந்த இருபது நிமிடப் பாட்டு ஏழு பகுதிகளாக ஒரே கதையைச் சொல்கிறது. கதை நடப்பது 2112ஆம் ஆண்டில். சிவப்பு நட்சத்திரத்தைச் சின்னமாகக் கொண்ட சூரியக் கூட்டாட்சி கிரகங்களை எல்லாம் ஆள்கிறது. மக்கள் எதைப் படிக்கலாம், எதைப் பாடலாம், எந்தப் படத்தைப் பார்த்து மகிழலாம் என்பதைச் சிரிங்ஸ் கோயில்களின் பூசாரிகளே முடிவு செய்கிறார்கள். இரண்டாவது பகுதியில் பாடகர் கெடி லீ உச்சத்தில் நின்று பாடுவது அந்தப் பூசாரிகளின் குரல். அடுத்த பகுதியில் ஒரு சாதாரண ஆள், அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் ஒரு பழைய கிற்றாரைக் கண்டெடுக்கிறான். அவன் பாடும்போது அதே கெடி லீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி மெதுவாகப் பாடுவார். நாலாவது பகுதியில் அவன் கிற்றாரைப் பூசாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டும்போது இரண்டு குரலும் மாறி மாறி வரும். கதாப்பிரசங்கத்தில் ஒருவரே அரசனாகவும் ஏழையாகவும் குரலை மாற்றிப் பேசுவதை நாம் கேட்டதில்லையா? அதேதான் இது. ஆறாவது பகுதியில் அந்த ஆளே உடைந்துபோய்க் கத்துவான். அதற்குள் அவன் ஏன் கத்துகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் 1989 நவம்பரில் ரொறன்ரோ வந்து இறங்கினேன். வயது 19. ஸ்காபரோவில் மாமா வீட்டு பேஸ்மென்டில் இருந்துகொண்டு, பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு ஃபக்டரியில் நைட் ஷிஃப்ட் வேலை. அங்கே மெஷின் பழுது பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். பஸ் கிடைக்காமல் ஒருநாள் காலை பனிக்குள் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து தன் காரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஃபக்டரியில் இருந்து மாமா வீட்டுக்குக் கிட்டத்தட்ட இருபது நிமிட ஓட்டம். காரில் ஏறியதும் 2112 கசற்றைப் போடுவார். முதல் பக்கம் 20 நிமிடமும் அரையும். வாசலில் வந்து நிற்கும்போது பெரும்பாலும் கடைசி அரை நிமிடம் மிச்சம் இருக்கும். ‘எல்லாக் கிரகங்களும் கவனிக்கவும்’ என்று ஒரு குரல் மூன்று தடவை அறிவித்து, ஆட்சியைக் கையில் எடுத்துவிட்டோம் என்று மூன்று தடவை சொல்லி முடிக்கும்வரை அவர் எஞ்சினை நிறுத்த மாட்டார். நானும் இறங்க மாட்டேன்.

எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது. பாட்டின் வரிகளில் பாதிகூடப் பிடிபடவில்லை. ஆனால் மூன்றாவது பகுதி, ‘டிஸ்கவரி’, முதல் நாளே பிடிபட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அதற்குள் யாரோ ஒரு கிற்றாரைத் தொட்டுப் பார்ப்பார்கள். தந்தி தளர்ந்து, சுருதி விலகி, கேட்கவே சங்கடமாக இருக்கும். பிறகு ஒவ்வொரு தந்தியாக முறுக்கி முறுக்கி இடத்துக்குக் கொண்டுவருவார் குழுவின் கிற்றார் வாத்தியக்காரர் அலெக்ஸ் லைஃப்சன். இரண்டு தந்தி சேரும், மூன்று சேரும், கொஞ்ச நேரத்தில் அது பாட்டாகிவிடும். இசை என்ற ஒன்றையே கேட்டிராத ஒருவன் அதைத் தானாகக் கண்டுபிடிப்பதை மூன்றரை நிமிடத்துக்குள் காதால் பார்த்துவிடலாம்.

நான் ஊரில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவன். கச்சேரி தொடங்க முன்னம் குரு கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். சபையில் எல்லோரும் கதைத்துக்கொண்டு இருப்பார்கள், எனக்கு மட்டும் அந்த நேரம்தான் உயிர். ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று சனம் நினைக்கிற அந்த நேரத்தையே பாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்த ஒரு ஆல்பத்தை அன்றுதான் கேட்டேன். என் மிருதங்கத்தை வீட்டு அறை மூலையில் துணி போட்டு மூடிவிட்டு வந்து அப்போது மூன்று மாதம்.

1990 கோடையில், பழைய சாமான் விற்கும் கடையொன்றில் 70 டொலருக்கு ஒரு கிற்றார் வாங்கினேன். வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவாவது பழகுவோம் என்ற எண்ணம்தான். பேஸ்மென்டுக்குள் கொண்டுபோக முன்னமே மாமா பார்த்துவிட்டார். அந்த ஜூனில்தான் ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது.

“உனக்கு இப்ப இது தேவையோ? கொம்மா அங்க பங்கருக்குள்ள இருக்கிறா. தம்பியை வெளியில எடுக்கக் காசு சேர்க்கோணும். இரவு பகலாக் கத்திற கசற், இப்ப இதுவும். எங்களுக்கு இதெல்லாம் வேண்டாம்” என்றார்.

நாலாவது பகுதியில் அந்த ஆள், ‘இதைப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது, எல்லோரும் சந்தோசப்படுவார்கள்’ என்று ஆசையோடு கிற்றாரை நீட்டுவான். பூசாரிகள், ‘இது எங்களுக்குத் தெரியாததல்ல, தேவையில்லை, எங்கள் ஏற்பாட்டுக்கு இது பொருந்தாது’ என்பார்கள். பிறகு கிற்றாரைக் காலில் போட்டு நொறுக்குவார்கள். என் கிற்றாரை யாரும் நொறுக்கவில்லை. நானே மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 40 டொலர் திருப்பித் தந்தார்கள். அந்த மாதம் ஊருக்கு அனுப்பிய காசோடு அதையும் சேர்த்து அனுப்பினேன். 1992இல் தம்பி வந்து சேர்ந்தான்.

மாமாவைப் பூசாரியாக்குகிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரவேண்டாம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. பதினாலு மாதம் என்னை வைத்திருந்து ஒரு சதம் வாடகை வாங்கவில்லை அந்த மனுசன். இப்போது என்ன நடக்கிறது? படிக்க வருகிற பிள்ளைகள் நாலு பேரை ஒரு பேஸ்மென்ட் அறைக்குள் அடைத்து, ஆளுக்கு ஒரு கட்டில் என்று தனித்தனியாக வாடகை வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களும் நம் ஆட்கள்தான். ஒரு காலத்தில் அதே மாதிரி அறையில் சும்மா இருந்து கால் ஊன்றியவர்கள். ஹீட்டரைக் கூட்டாதே, பத்து மணிக்குப் பிறகு சமைக்காதே என்று சட்டம் வேறு. போன குளிர்காலம் அப்படி ஒரு அறையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வந்தவர் என்கிறீர்கள், நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்களோ என்று யோசிக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைத்தான், ஆனால் சொல்லாமல் போக முடியவில்லை.

ஆல்பத்துக்குத் திரும்புவோம். பிற்பாடு ஆங்கிலம் வந்து, அது உருவான கதையை வாசித்தபோது அது எனக்கு இன்னும் நெருக்கமானது. 1975இல் வந்த ‘கரெஸ் ஒஃப் ஸ்டீல்’ என்ற அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் விற்கவில்லை. அதிலும் இரண்டு நீண்ட பாட்டுகள் இருந்தன. சின்னச் சின்ன ஊர்களில் பாதி நிறைந்த மண்டபங்களில் வாசித்துத் திரிந்த அந்தப் பயணத்துக்கு ‘டவுன் த டியூப்ஸ்’, அதாவது ‘நாசமாய்ப் போகும் பயணம்’ என்ற பொருளில் அவர்களே பேர் வைத்தார்கள். நீண்ட பாட்டெல்லாம் வேண்டாம், ரேடியோவில் போடக்கூடிய சின்னப் பாட்டாகத் தாருங்கள் என்றது அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பனியான மெர்க்குரி. டிரம்ஸ் வாசித்த நீல் பீர்ட், குழுவில் சேர முன்னம் சென் கத்தரின்ஸில் தகப்பனோடு விவசாய இயந்திர உதிரிப்பாகம் விற்றவர். இதுவும் தோற்றால் திரும்பப் போக அவருக்கு அந்தக் கடை இருந்தது. தோற்றாலும் நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டுத் தோற்போம் என்று முடிவெடுத்து, ரொறன்ரோ சவுண்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டெரி பிறவுனோடு உட்கார்ந்து 2112 செய்தார்கள். வரிகளைப் பெரும்பாலும் பீர்ட் எழுதினார். கதையில் பூசாரி சொன்னதைத்தான் நிஜத்தில் கம்பனி அவர்களுக்குச் சொல்லியிருந்தது. கதையில் அந்த ஆள் உயிரை விடுகிறான், இவர்கள் முதல் பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள்.

1976 வசந்தத்தில் ஆல்பம் வந்தது. அமெரிக்கப் பட்டியலில் 61ஆம் இடத்துக்குமேல் போகவில்லை. ஆனால் விற்பது நிற்கவில்லை. ஒருவர் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டியே பரவிய ஆல்பம் இது, எனக்கும் அப்படித்தான் வந்தது. 1977 முடிய முன்னம் அங்கே விற்பனைக்கான தங்கத் தட்டு விருது, 1995இல் 30 லட்சம் பிரதிக்கான சான்று. அந்த மெக்கானிக், 1976 ஜூனில் மாசி ஹோலில் மூன்று இரவு நடந்த கச்சேரிகளில் ஒன்றில் இருந்தவர். பிறகு அவர்களுடைய முதல் லைவ் ஆல்பமாக வந்தது அந்தக் கச்சேரிகள்தான். அதில் கைதட்டும் சத்தத்துக்குள் தன்னுடையதும் இருக்கிறது என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது.

இனி ஒரு கூட்டம் கட்டாயம் கேட்கும்: அட்டையில் தனிமனிதவாதம் பேசிய அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்டுக்கு நன்றி போட்டிருக்கிறார்களே, அது வலதுசாரி ஆல்பம் இல்லையா? போட்டிருக்கிறார்கள், உண்மை. அவருடைய ‘ஆன்தம்’ என்ற குறுநாவலுக்கும் இந்தக் கதைக்கும் உள்ள ஒற்றுமையைப் பீர்ட் மறைக்கவில்லை. ராண்டின் அரசியல் எனக்கும் ஒத்துவராது, மாமாவின் பேஸ்மென்டில் வாழ்ந்தவன் ‘தன் காலில் தான் நின்றேன்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் 1978இல் ஒரு பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை இவர்களைப் பாசிசத்தோடு சேர்த்து எழுதியதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. கெடி லீயின் தாயும் தகப்பனும் போலந்து யூதர்கள், நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து உயிர் தப்பியவர்கள். தாய் பேர்கன்-பெல்சன் முகாமுக்கும் தகப்பன் டாகாவ் முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டு, யுத்தம் முடிந்து ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்துக் கலியாணம் செய்து ரொறன்ரோ வந்தவர்கள். மகனுக்கு அவர்கள் வைத்த பேர் கேரி. தாயின் போலந்து உச்சரிப்பில் அது ‘கெடி’ என்று கேட்டதால் அதுவே நிலைத்தது. லைஃப்சன் சேர்பியாவில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, அவருடைய குடும்பப் பேரை ஆங்கிலத்தில் பெயர்த்தால் வருவதுதான் ‘லைஃப்சன்’. வந்தேறிகளின் பிள்ளைகள். ஆட்சி என்பது வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்பதைப் பெற்றவர்கள் வாயாலேயே கேட்டு வளர்ந்த ஒருவர், அந்தப் பூசாரிகளின் குரலில் பாடுகிறார். இது தெரிந்த பிறகு அந்தக் கத்தல் எனக்குக் கத்தலாகக் கேட்டதே இல்லை.

2020 ஜனவரியில் நீல் பீர்ட் மூளைப் புற்றுநோயால் இறந்த செய்தி வந்தது. அந்த மெக்கானிக் அதற்கு நாலு வருடம் முன்னமே போய்விட்டார். அன்று வேலை முடிந்து வரும்போது காரில் முதல் பக்கத்தைப் போட்டேன். வீட்டு வாசலில் வந்து நின்றபோது கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள், ஐந்து நிமிடம் பொறு என்று நானும் கையைக் காட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்வது: பஸ்ஸில் கேட்காதீர்கள், டிஸ்கவரியில் தண்ணீர்ச் சத்தமும் தளர்ந்த தந்தியும் அந்த இரைச்சலில் செத்துப்போகும். இரவில் ஹெட்ஃபோன் போட்டு, பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் விளம்பரம் வராத மாதிரி முதல் பக்கத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். தொடக்கத்தில் நாலு நிமிடம் கிட்டத்தட்ட வெறும் வாத்தியம்தான், அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஆள் இருக்கிற ஊரை அங்கேதான் கட்டுகிறார்கள், அதன் முடிவில் பைபிளின் மலைப்பிரசங்கத்து வசனம் ஒன்று மெதுவாக வரும். இரண்டாம் பக்கம் ஐந்து தனிப் பாட்டு, கதையோடு தொடர்பு இல்லை, அதை வேறொரு நாள் பார்க்கலாம். நாலாவது பாட்டான ‘டியர்ஸ்’ மட்டும் முதலில் கேட்டாலும் சரி. அதில் கெடி லீ கத்தவே மாட்டார்.