எண்ணத் தொடங்கியது எப்போது?

கேள்வி: அரைவேக்காட்டு முட்டையில் காரத் தாளிப்பு ஊற்றிச் சாப்பிட ஆசை. குறிப்பில் உள்ளபடி ஆறு நிமிடம் வேகவைக்கிறேன். ஒரு நாள் வெள்ளைக் கருவே கொழகொழவென்று இருக்கிறது; மறுநாள் மஞ்சள் கரு கல்லாகிவிடுகிறது. உரித்தால் ஓட்டோடு பாதி முட்டை வந்துவிடுகிறது. தாளிப்போ ஒட்டாமல் தட்டில் ஓடுகிறது. குறிப்பு எழுதுகிறவர்கள் சமைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்களா?

பதில்: சமைக்காமலே எழுதுகிறவர்களும் உண்டு, அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தை எப்போதிலிருந்து எண்ணினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே! பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து என்றால், கடிகாரம் பார்த்ததே வீண். பாத்திரத்தின் கனம், நீரின் அளவு, தீயின் வேகம் இவற்றைப் பொறுத்து, கொதி வருகிற நேரம் தினமும் மாறும்.

வெள்ளைக் கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்கும்; அதிலுள்ள முக்கியப் புரதம் கெட்டிப்பட 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கருவோ 65-இல் தடித்து, 70-ஐ எட்டும்போது வழியாமல் நின்றுவிடும். அதிகச் சூடு கேட்பது வெளியே, குறைவாகக் கேட்பது உள்ளே. நல்லவேளை, சூடு உள்ளே போய்ச் சேரத் தாமதமாகிறது. அரைவேக்காடு என்பதே அந்தத் தாமதத்தின் தயவுதான். நீர் மெல்லச் சூடேறினால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஆகவே தளதளவென்று கொதிக்கும் தாராளமான நீரில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையைக் கரண்டியில் வைத்து இறக்குங்கள். அப்போதிலிருந்து எண்ணினால் ஆறு நிமிடத்தில் கரு வழியும், ஏழில் ஜாம் போல நிற்கும். என் ஓட்டு ஆறரைக்கு. வெளியே வைத்திருந்த முட்டைக்கு நேரம் சற்றுக் குறையும். மலைப் பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் சற்றுக் கூடும்.

எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டீர்களா? இல்லை என்றே ஊகிக்கிறேன். அடுப்பை அணைத்தாலும் ஓட்டுக்குள் இருக்கும் சூடு வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். கல்லான கருவுக்கு அநேகமாக அதுதான் காரணம்.

உரிக்க வராதது உங்கள் விரல்களின் குற்றம் அல்ல. அன்றைக்கு இட்ட முட்டையில் வெள்ளைக் கரு உட்சவ்வை விடாப்பிடியாகப் பற்றியிருக்கும். நாளாக ஆக, கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்தன்மைக்கு எதிரானது) கூடும், பிடி தளரும். ஒரு வாரம் ஆன முட்டையை எடுங்கள். கொதிநீரில் இறக்குவதும் இதற்கு உதவும்.

இனி தாளிப்பு. ஈரம் சொட்டும் வழவழப்பான வெள்ளைக் கருவில் எண்ணெயை ஊற்றிவிட்டு, அது ஓடுகிறது என்று கோபித்தால் எப்படி? முட்டையைத் துடைத்து, இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவின் மேல் ஊற்றுங்கள். மிளகாய்க்கு உறைப்பைத் தரும் கேப்சைசின் நீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல் கொழுப்புதான். எண்ணெயை நீரோடு பிணைக்கும் லெசித்தினும் அதில் இருக்கிறது. காரம் அதில் கலந்து, நாக்கைச் சுடாமல் பரவும்.

எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டை வதக்கி, பொன்னிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். அடுப்பை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, கொரகொரப்பாக இடித்த மிளகாயைச் சேருங்கள். காய்ந்த எண்ணெயில் நைஸான தூளைக் கொட்டினால் நொடியில் கருகிக் கசக்கும். உப்பைத் தாளிப்பில் போடாதீர்கள். எண்ணெயில் அது கரையாது, அடியில் தங்கிவிடும். முட்டையின் மேலேயே தூவுங்கள்.

வீட்டில் கர்ப்பிணியோ, குழந்தைகளோ, முதியவர்களோ இருந்தால் வழியும் கரு அவர்களுக்கு வேண்டாம். சால்மொனெல்லா கிருமிக்கு அரைவேக்காடு போதாது. அவர்களுடைய முட்டையைப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள்.